உபைதுல்லாவின் 'ட்டேன்'

செவ்வந்தியின் நாற்றங்காலில் நாற்றுக்கு வயது இருபத்தெட்டு நாள். இரண்டு நாளில் பறித்து நடாவிட்டால் முற்றிவிடும். அப்புறம் தூர் கட்டாது, விளைச்சல் போய்விடும். உள்ளூர் ஆட்களோ அடுத்த வாரம் வரைக்கும் வேறு வயல்களுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. போன வருஷம் மேற்கு வங்கத்திலிருந்து எட்டுப் பேரோடு வந்து நட்டுக்கொடுத்த உபைதுல்லாதான் ஒரே நம்பிக்கை. காலையில் அவனே போன் செய்தான்.

"எப்ப தம்பி வர்றே?"

"வர மாட்டேன்க்கா!" குரலில் கல்யாணச் சேதி சொல்கிற உற்சாகம். "எல்லாரும் வர மாட்டேன்!"

லைன் அறுந்தது. செவ்வந்தி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"வர மாட்டேங்கறதுக்கு என்னடி இவ்வளவு சந்தோஷம் அவனுக்கு?" என்றார் பக்கத்தில் நின்ற கணவர் அரசப்பன்.

அவளுக்கும் அதுதான் இடித்தது. உபைதுல்லா யாரிடமும் தமிழ் படித்தவனில்லை. சேற்றில் நின்றபடி காதில் விழுந்ததைப் பொறுக்கிச் சேர்த்தவன். அப்படி என்ன விழுந்தது? நட்டேன். சாப்பிட்டேன். உரம் போட்டேன். மடையைத் திறந்துவிட்டேன். எல்லாம் முடிந்த வேலை, எல்லாவற்றுக்கும் வாலில் ஒரு 'ட்டேன்'. தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து "குளிக்க மாட்டேன்க்கா, சோறு போடுங்க" என்றவனாயிற்றே! அடப்பாவி, மாட்டேனையும் அந்தக் கூட்டத்திலேயே சேர்த்துவிட்டானா?

சோதித்துவிட வேண்டியதுதான். ஆமாம் என்பதைத் தவிர வேறு பதிலே இல்லாத கேள்வியாக வேண்டும். மறுபடி போன் போட்டாள்.

"உபைது, நீ உங்கம்மா வயித்துல பொறந்தியா?"

கொஞ்சம் திகைத்தான். "பொறக்க மாட்டேன்க்கா!"

அவள் சிரித்துக் குலுங்கிய குலுங்கலில் ஒரு செருப்பு வாய்க்காலோடு போயிற்று. "எங்கடா இருக்கே?"

"மயிலாடுதுறை ஸ்டேஷன். டீ சாப்பிட்டேன்."

அரசப்பன் லோடு ஆட்டோவை எடுத்துக்கொண்டு பறந்தார்.

மறுநாள் நடவின் நடுவே, சோற்று வேளையில், செவ்வந்தி விளக்கினாள்: "மாட்டேன்னா செய்யவே போறதில்லன்னு அர்த்தம்டா. வந்தேன்னு சொல்லணும்." உபைதுல்லா நெற்றியில் அடித்துக்கொண்டான். "வந்தேன், வந்தேன்" என்று முணுமுணுத்தபடியே சேற்றில் இறங்கினான்.

அதற்கடுத்த நாள் சாயங்காலம் கடைசி வயலும் பச்சையாயிற்று.

"முழுசும் நட்டாச்சா?" என்றாள் செவ்வந்தி.

உபைதுல்லா வாயைத் திறந்தான். நாக்கு நுனிவரை வந்த ஒரு 'ட்டேனை'ச் சந்தேகமாக விழுங்கினான். வந்தேன் மாதிரியே புத்தம் புதிதாக ஒன்று செய்தான்.

"நடந்தேன்க்கா! மூணு ஏக்கரும் நடந்தேன்!"

"நேத்து வரைக்கும் நட்டேன்னு சரியாத்தானடா சொல்லிக்கிட்டிருந்தே!"

அவள் சிரித்ததால் அவனும் சிரித்தான். அரசப்பன் திருத்தப் போனார். செவ்வந்தி அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"விடுங்க. நாத்து வயலுக்குப் போயிடுச்சுல்ல? அவன் நடந்தே நட்டிருக்கட்டும்."