கவிழ்க்க இடமில்லாத மோர்ப்பானை

கருட சேவை அன்று சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு வழியாக ஒருவர் தாகத்தோடு நடந்து போய்விட முடியாது. விடமாட்டோம். வீட்டுக்கு வீடு வாசலில் மோர்ப்பானை. பானை காலியானதும் அதை வாசற்படியில் கவிழ்த்து வைப்பது எங்கள் தெரு வழக்கம். நாலு பேர் கண்ணில் பட வேண்டும் அல்லவா? இஞ்சி, கொத்தமல்லி, பெருங்காயம் எல்லாம் நானே என் கையால் போடுவேன். முதலில் கவிழ்வது என் பானையாகத்தான் இருக்கும்.

போன வருடம், எதிர்வீட்டில் இருக்கும் என் ஓரகத்தி முந்திக்கொண்டாள். கவிழ்த்த பானைக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, என்னைப் பார்த்தபடி விசிறிக்கொண்டாள். என்னுடையதில் பாதி அப்படியே நிற்கிறது. கொடுக்கிற கை அதிகம், குடிக்கிற வயிறு குறைவு. நான் என்ன செய்வது?

அப்போது ஐயம்பேட்டைப் பக்கத்துப் பெண் ஒருத்தி வேகவேகமாக வந்தாள். நடு வயது. கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"வேணாம் ஆயா."

"என் மோர வேணான்னு சொன்னவங்க இந்த ஊர்லயே கெடையாது. குடிம்மா."

குடித்தாள். இன்னொரு டம்ளர் ஊற்றினேன். "சாமி பேரச் சொல்லிக் குடுக்கறேன், தட்டாத." அதையும் குடித்தாள். மூன்றாவதை மொண்டபோது அவள் கண் கலங்கிவிட்டது. மோரின் ருசி அப்படி என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அவள் என் காதருகே குனிந்தாள்.

"ஆயா, தெருமுனையிலேர்ந்து ஆளாளுக்குப் புடிச்சி ஊத்திக்கினே இருக்கறாங்க. காலைலேர்ந்து ஒரு கக்கூஸ் தேடிக்கினு இருக்கறேன். இன்னொரு டம்ளர் ஊத்தினா இங்கயே மானம் போயிடும்."

டம்ளரைக் கீழே வைத்தேன்.

எங்கள் கக்கூஸ் வீட்டின் பின்கோடியில் இருக்கிறது. கூடத்துத் தறியை ஒட்டித்தான் போக வேண்டும். தறியில் புதுப் பாவு நூல் ஏற்றியிருந்தது, முகூர்த்தப் புடவைக்கு. அதில் வெளியாள் கை பட்டால் என் மகன் வீட்டை இரண்டாக்கிவிடுவான். "பாவு இழையில கை படாம, நண்டு மாரி பக்கவாட்டா போம்மா" என்றேன். நண்டு தோற்றது.

திரும்பி வந்தவள் முகத்தில் பெருமாளை நேரில் பார்த்த களை. "இப்ப குடு ஆயா" என்று தானே கேட்டு வாங்கி, ரசித்துக் குடித்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கையை ஆட்டினாள். அவளோடு வந்த பெண்கள் அத்தனை பேரும் வந்து வரிசை கட்டிவிட்டார்கள்.

வரிசையைக் கண்டால் நம் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? பிரசாதம் என்று நினைத்து யார் யாரோ பின்னால் நின்றார்கள். தொன்னையும் கையுமாக நின்ற ஒரு பெரியவர், வாசலில் இருந்தே தறிக்கு அப்பால் எட்டிப் பார்த்தார். "சரி, வந்தது வந்துட்டேன்" என்று தொன்னையை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

ஓரகத்தி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "யக்கா, அப்பிடி இன்னாத்த போட்ட மோர்ல?"

"வேண்டியத குடுத்தேன்மா."

உள்ளே போய் வந்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு டம்ளர் கேட்டுக் குடித்தார்கள். பானை காலி. ஆனால் கவிழ்க்க இடமில்லை. வாசற்படி முழுக்கச் செருப்பு.

இந்த வருடம் ஓரகத்தி மோரே வைக்கவில்லை. கக்கூஸுக்குச் சுண்ணாம்பு அடித்து, சந்தன சோப்பு வைத்து, தெருவில் நின்று போகிற வருகிறவர்களைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வேணாம்மா, இப்பதான் போய்ட்டு வந்தோம்."

"சாமி பேரச் சொல்லிக் கூப்புடறேன், தட்டாதீங்க. ஒரு வாட்டி போய்ட்டு வாங்க."

பார்க்கப் பாவமாக இருந்தது. அவர்களை இந்தப் பக்கம் கூப்பிட்டு, ஆளுக்கு மூன்று டம்ளர் மோர் ஊற்றி அவளிடமே திருப்பி அனுப்பினேன். ஓரகத்திக்கு நான் செய்யாமல் யார் செய்வது?