பிரேத மஞ்சத்தில் கோர்ட்டுக்குப் போன என் வீட்டுக்காரர்

ராயபுரத்துச் சபையாருக்குச் சாராள் சொல்கிற சாட்சி இது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே பூசி மெழுகாமல் நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன். ஆண்டவரும் பொறுத்துக்கொள்ளட்டும், நீங்களும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும். என் வீட்டுக்காரர் யோசேப்பு துறைமுகத்தில் சரக்கு இறக்குகிற வேலையில் இருந்தார். ஒரு நாள் சங்கிலி அறுந்து இரும்புக் கட்டு அவர் வலது காலில் விழுந்தது. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றதை நான் ஆஸ்பத்திரியில் பார்த்தேன். அடிபட்டவனுக்குக் குணமாகிற வரை பதினைந்து நாளைக்கு ஒரு தடவை கம்பெனி நஷ்டஈட்டுப் படி கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. கொடுத்தார்கள். அதில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது, அவர் புண்ணுக்கும் மருந்து வந்தது.

மழைக்காலத்தில் கம்பெனி டாக்டரிடம் காலைக் காட்ட வரச் சொன்னார்கள். ரிக்‌ஷாவில் போனோம். மரக்கிடங்கு முனையில் மேஸ்திரி கன்னியப்பன் இரண்டு ஆட்களோடு மறித்தான். கம்பெனிக்குக் கூலி ஆள் பிடித்துக் கொடுப்பவனும் அவன்தான், வேண்டாத ஆளை அடித்து விரட்டுபவனும் அவன்தான். யோசேப்பைக் கீழே இழுத்துப் போட்டார்கள். அவருடைய ஊன்றுகோலைப் பிடுங்கி, அந்த உடைந்த காலிலேயே அடித்தார்கள். அவர் கத்திய கத்தல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. எப்படியோ அவரை வீட்டுக்கு இழுத்து வந்தேன். அடுத்த தவணைக்குப் போனபோது கம்பெனியில் சொன்னார்கள்: "டாக்டரிடம் வர மறுத்துவிட்டான். படி நிறுத்தம்." எப்படி இருக்கிறது நியாயம்!

மறுநாளே கன்னியப்பன் ஆட்களோடு, கையில் ஒரு காகிதமும் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தான்.

"இன்னா யோசேப்பு, இதுல ஒரு கைநாட்டு வெச்சுடு. கம்பெனிக்கும் உனுக்கும் கணக்கு தீந்துச்சுன்னு எழுதிக்கீது. வெச்சா மீதி காலு மிஞ்சும்."

"வெக்கலன்னா இன்னா பண்ணுவே?" என்றேன் நான்.

என் முகத்தில் குத்தினான். முன்பல் இரண்டு போயிற்று. அடுப்பில் கொதித்த கஞ்சியைப் பானையோடு தூக்கி எறிந்தேன். அவன் ஆளில் ஒருவன் மார்பு வெந்து அலறினான். வீட்டிலிருந்த சட்டி பானை அத்தனையும் உடைத்து, கூரையைப் பிய்த்துப் போட்டுவிட்டுப் போனார்கள். கைநாட்டு மட்டும் கிடைக்கவில்லை.

வாயில் ரத்தத்தோடு முழங்கால் போட்டேன். நான் செய்த ஜெபத்தை மறைக்க மாட்டேன். "ஆண்டவரே, என் புருஷனை அடித்த கை முறியட்டும். நின்றுபோன படி திரும்பி வரட்டும்." இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டேன். இரண்டும் பலிக்கும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. புண்ணில் சீழ் வைத்து நாறத் தொடங்கியது. பிள்ளைகள் பசியில் அழுவதைக்கூட நிறுத்திவிட்டார்கள்.

நம் சபை வக்கீல் தம்பி காசு வாங்காமல் மனு போட்டார். "பெரிய கேஸ் முடிய வருடக்கணக்காகும் அக்கா. அதுவரைக்கும் படியை நிறுத்தக் கூடாதென்று அவசர உத்தரவு கேட்டிருக்கிறேன். அண்ணன் நேரில் வந்தே ஆக வேண்டும். வராவிட்டால் மனு தள்ளுபடி" என்றார். இது கன்னியப்பன் காதுக்கும் போயிற்று. யோசேப்பை ஏற்றுகிற வண்டியைக் கொளுத்துவேன் என்று தெருத்தெருவாகச் சொல்லி வைத்தான். ஒரு ரிக்‌ஷாக்காரன்கூட வர ஒப்பவில்லை.

அப்போதுதான் நமக்கு ஜெபம் நடத்துகிற உபதேசியார் சபையின் மரமஞ்சத்தை எடுக்கச் சொன்னார். இறந்தவர்களைக் கல்லறைக்குத் தூக்கிப்போகிற மஞ்சம். உயிரோடு இருக்கிறவரை அதிலா ஏற்றுவது என்று கேட்டேன். தூறலில் புண் நனையாமல் இருக்கத் தலையிலிருந்து கால் வரை வெள்ளைத் துணி போர்த்தினார்கள். சபைச் சகோதரர்கள் நான்கு பேர் தோள் கொடுத்தார்கள். உபதேசியார் கண்டிப்பாகச் சொன்னார்: "செத்துட்டாருன்னு எவனும் வாயத் தொறக்கக் கூடாது. கேட்டா கோர்ட்டுக்குப் போறோம்னு உண்மையச் சொல்லணும்." ஒருவரும் கேட்கவில்லை. எதிரே வந்த கட்டைவண்டிகள் ஒதுங்கின. கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். சைக்கிளில் வந்தவர்கள் இறங்கினார்கள்.

மரக்கிடங்கு முனையில் கன்னியப்பனின் ஆட்கள் தடியோடு நின்றார்கள். மஞ்சத்தைப் பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு ஒதுங்கிவிட்டார்கள். கன்னியப்பன்கூட ஒதுங்கினான். ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டான். அழுகிற முகமா அது? எனக்கு நடிக்க வராது.

"டேய், தாலி அறுத்தவ மூஞ்சியாடா இது?" என்று பாய்ந்து வந்து துணியைப் பிடித்து இழுத்தான்.

பழைய இரும்புக் கடை பாய் ஒருவர் அலறினார்: "மையத்து மேலயா, பொணத்து மேலயா கைய வெக்கிறே, கலீஜ் பயலே!"

தெருவே அவன்மேல் விழுந்தது. கைவண்டிக்காரர்கள், மீன்காரிகள், யார் யாரென்று தெரியாது. தடி பறந்தது, கல் பறந்தது. அவன் ஆட்கள் மண்டை உடைந்து ஓடினார்கள். ஒருவர் இரும்புக் கம்பியால் ஓங்கி அடித்தார். கன்னியப்பனின் வலது கை முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. ஜெபத்தில் நான் கேட்ட கை. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, காதைப் பொத்திக்கொண்டேன்.

"ஓடுங்க!" என்றார் உபதேசியார். ஓடினோம். மஞ்சத்தில் கிடந்தவர் இரண்டு பக்கக் கட்டையையும் இறுகப் பிடித்துக்கொண்டு "ஏசுவே, ஏசுவே" என்று கத்தியதைக் கேட்டு ஒரு மோர்க்காரி பானையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

நேரே கோர்ட்டில், நஷ்டஈட்டு வழக்கு விசாரிக்கிற கமிஷனர் முன்னால் மஞ்சத்தை இறக்கினோம். இந்த ஆள் டாக்டரிடம் காட்டவே மறுக்கிறான் என்று கம்பெனி வக்கீல் அப்போதும் சொன்னார். கமிஷனர் கீழே குனிந்து காலைப் பார்த்தார். மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இதோ வந்திருக்கிறாரே. உங்கள் டாக்டரை இங்கே கூட்டி வாருங்கள்."

டாக்டர் வந்தார். வராந்தாவில் வைத்துப் பார்த்தார். வேலைக்குப் போகிற கால் இல்லை என்று அவர் வாயாலேயே சொன்னார். நிறுத்திய படியை உடனே கொடுக்க வேண்டும், வழக்கு முடிகிற வரை இனி நிறுத்தக் கூடாது என்று அன்றைக்கே உத்தரவாயிற்று. யோசேப்பு மஞ்சத்தில் எழுந்து உட்கார்ந்து சிறுபிள்ளை மாதிரி அழுதார். நானும் அப்போதுதான் அழுதேன். ஆண்டவருக்குக் கோடி ஸ்தோத்திரம்! இன்று அவர் கோல் ஊன்றி நடக்கிறார், பிள்ளைகள் வயிறாரச் சாப்பிடுகிறார்கள். நானும் யாருடைய கையும் முறிய ஜெபம் செய்வதில்லை. அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்டது போதும்.

போன வாரம் கன்னியப்பன் என் வாசலில் வந்து நின்றான். கை கோணலாக ஒட்டியிருந்தது. கம்பெனி அவனைக் கைகழுவிவிட்டதாம்.

"யக்கா, அந்தக் கோர்ட்டு எங்கக்கா கீது?"

விளக்குமாற்றை எடுக்கத்தான் போனேன். கை வரவில்லை. வக்கீல் தம்பியிடம் கேட்டேன். தெருச்சண்டையில் முறிந்த கைக்குக் கம்பெனியிடம் நஷ்டஈடு கேட்கச் சட்டத்தில் வழி இல்லை என்றார். அதை அவனிடம் சொன்னபோது வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"ஜெபத்துக்கு வா. எனக்கு அங்கதான் வழி கெடச்சுது" என்றேன்.

வழி தெரியாமல் நிற்கிற எல்லோருக்கும் இதையேதான் சொல்லுகிறேன்: வந்து கேளுங்கள். கன்னியப்பனும் வந்தால் உட்கார இடம் கொடுங்கள். என் பக்கத்தில் மட்டும் இப்போதைக்கு வேண்டாம். அதற்காகவும் ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்.