வேலிப்பக்க யன்னல்

இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறிய பாதத்தை மடியில் தூக்கி வைத்துத் துடைத்து, பெர்னடெட் நகம் வெட்டுகிறாள். நேராக வெட்டுகிறாள், ஓரத்தை வளைத்து வெட்டினால் நகம் சதைக்குள் வளரும். பாதத்துக்குச் சொந்தக்காரரான இராசநாயகம் சாய்கதிரையில் கிடந்து முகட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். உரும்பிராயில் வெங்காயமும் புகையிலையும் பயிர் செய்து, சந்தையில் ஏலத்துக்கு விட்ட மனிதர். பாரிசவாதம் வலக்கையையும் வலக்காலையும் பேச்சில் பெரும்பங்கையும் கொண்டுபோய்விட்டது.

கை ஓடினால் வாயும் ஓடவேண்டும், அதுதான் பெர்னடெட்டின் இயல்பு. இந்த வீட்டில் கை மட்டும் ஓடுகிறது. காலையில் வந்ததும் கால் கழுவுவாள், கைக்குச் சவர்க்காரம் போடுவாள், பிறகு வேலிப்பக்க யன்னலைச் சாத்திக் கொளுக்கி போடுவாள். அதற்குப் பிறகுதான் "குட்மோர்னிங் ஐயா" என்பாள். அதையும் கோயிலுக்குள் கதைப்பதுபோலத்தான் சொல்லுவாள்.

அவள் குருநகர்க்காரி. அங்கே படகுக்கும் கரைக்கும் இடையில் காற்றைத் தாண்டிக் கதைத்துப் பழகிய குரல். சொல்லின் வால் நீண்டு மேலே ஏறும். "வாறன்" என்று சாதாரணமாகச் சொன்னாலும், தெரியாதவர்கள் சண்டைக்கு வருகிறாள் என்று ஒதுங்குவார்கள். பஸ்ஸில் அவள் வாய் திறந்தால் கொண்டக்டர் சீற்றுக்குக் கீழே குனிந்து தேடுவான்.

"அக்கா, மீன் கூடையை எங்கை வச்சனீங்கள்? மணக்குது."

"உன்ரை வாய்க்குள்ளைதான் மோனே. பாத்து மூடு."

அவள் ஒருநாளும் மீன் விற்றதில்லை. நோயாளர் பராமரிப்புப் பயிற்சி முடித்தவள். கைப்பையில் இருப்பது பிரஷர் பார்க்கும் கருவியும் ஒரு மாற்றுச் சட்டையும்.

பஸ்ஸில் வாய்க்கு வாய் கொடுக்கலாம். வேலை செய்யும் வீட்டில் முடியாது. முந்திய வீட்டில் அவளை நிறுத்தியதற்குச் சொன்ன காரணம், "நோயாளியோடை சண்டை பிடிக்கிறா" என்பது. அவள் அந்த நோயாளியிடம் கேட்டது, முதுகு சொறிந்துவிடட்டோ என்று. இங்கே வந்த அன்றே இராசநாயகத்தின் மகள் உதயகலா வாசலில் வைத்துச் சொன்னாள்.

"குறை நினைக்காதேங்கோ. உங்கடை பக்கத்து ஆக்கள் கொஞ்சம் சத்தமாக் கதைப்பினம் எண்டு சொல்லுவினம். அப்பாக்கு அமைதி வேணும்."

அடுத்த வளவுப் பராசக்தி அப்போது வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றார். உதயகலா கந்தோர் வேலைக்குப் போனால் வீட்டுக்குக் காவல் அவருடைய காதுதான்.

அன்று போட்ட வாய்ப்பூட்டு வீட்டுக்குப் போயும் சட்டென்று கழலாது. தொண்டைமானாற்றுச் சந்நிதியில் பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் பூசை செய்வார். பெர்னடெட் கிசுகிசுத்தபடி தேத்தண்ணி கேட்டால், புருஷன் ஜஸ்ரின் "சந்நிதிப் பூசாரி வந்திட்டார்" என்று கும்பிடு போடுவான். அவள் முற்றத்தில் இறங்கி, பக்கத்து வீட்டு நாயை உரத்து ஏசிவிட்டு வருவாள். அதோடு தொண்டை திறந்துகொள்ளும்.

சிக்கல் சாப்பாட்டில் வந்தது. இராசநாயகம் சாப்பிட மறுத்தார். விழுங்க முடியாமல் அல்ல. அதை ஆஸ்பத்திரியில் பார்த்து, தடிப்பான கஞ்சி கொடுக்கலாம் என்று விட்டிருந்தார்கள். வாயைத் திறக்க மனமில்லை. பெர்னடெட் அவரை நிமிர்த்தி இருத்தி, கரண்டியைக் கீழிருந்து கொண்டுபோய், "கொஞ்சம் ஆ காட்டுங்கோ ஐயா" என்று காதுக்குள் சொல்லுவாள். அவர் முகத்தைச் சுவருக்குத் திருப்புவார். அடுத்த கிளினிக்கிலும் உடல் நிறை குறைந்திருந்தால் மூக்கால் குழாய் போட வேண்டிவரும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். குழாய் வந்தால் அதைப் பார்க்க வேறு ஆள் வரும், தனக்கு இங்கே வேலையில்லை என்பதும் பெர்னடெட்டுக்குத் தெரியும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கரண்ட் நின்றது. ஃபான் ஓய்ந்து, கிழவருக்குக் கழுத்தெல்லாம் வியர்த்து வழிந்தது. வேறு வழியில்லாமல் வேலிப்பக்க யன்னலைத் திறந்துவிட்டாள். மத்தியானக் கஞ்சியோடு இருந்தாள். கரண்டி போனது, முகம் சுவருக்குப் போனது. மறுபடி கரண்டி போனது, மறுபடி முகம் போனது. அலுத்துப்போய், தூக்கிய கரண்டியைப் பார்த்து முணுமுணுத்தாள்.

"ஆருக்கு இந்தக் கரண்டி? கேக்க ஆளில்லையோ?"

கரையில் மீனைக் கூறி விற்ற அவளுடைய அப்பாவின் வாயில் கிடந்த பேச்சு அது. மீனோ வெங்காயமோ, ஏலம் கூறுகிற ராகம் ஒன்றுதான். சுவரைப் பார்த்திருந்த முகம் திரும்பியது.

பெர்னடெட் அதைக் கண்டாள். குரலை அவிழ்த்துவிட்டாள்.

"இந்தா பாருங்கோ, பயறு அரைச்சுப் போட்ட கஞ்சி, தேங்காய்ப்பால் விட்ட கஞ்சி. ஒருதரம்... கேக்கிற ஆள் கேளும், பேந்து நிண்டு அழாதையும்... ரெண்டுதரம்..."

இராசநாயகத்தின் இடக்கைச் சுட்டுவிரல் மெல்ல எழுந்தது.

"மூண்டுதரம். உரும்பிராய் ஐயாவுக்கு."

வாய் திறந்தது. நாடியைத் தாழ்த்தி விழுங்க வைத்து, தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த கரண்டியைக் கூறினாள். சந்தோசத்தில் அவசரப்பட்டுப் புரையேற விடுகிறவள் அல்ல அவள்.

பராசக்தியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். உடனே உதயகலாவுக்குப் போன் அடித்தார். "பிள்ளை, கெதியா வா. குருநகர்க்காரி உன்ரை அப்பாவைப் போட்டுக் கிழிக்கிறாள். ஒழுங்கை தாண்டி ரோட்டு வரைக்கும் கேக்குது."

உதயகலா ஸ்கூட்டியை முற்றத்தில் விட்டபடி விட்டுவிட்டு ஓடி வந்தாள். தலையில் ஹெல்மெட் அப்படியே இருந்தது. அவளை வாசலில் கண்டதும் பெர்னடெட்டின் கூறல் பாதியில் அறுந்தது. இந்த வீடும் போச்சு என்று நினைத்துக்கொண்டாள். கண் தன்பாட்டில் கைப்பையைத் தேடியது.

கிழவரின் விரல் மட்டும் இறங்கவில்லை. மகளைப் பார்த்தார். அந்தரத்தில் நின்ற கரண்டியைப் பார்த்தார்.

"ரெண்டு..." என்றார் கோணிய வாயால். "ரெண்டு... தரம்."

உதயகலா கோப்பைக்குள் எட்டிப் பார்த்தாள். அடி தெரிந்தது. ஹெல்மெட்டோடேயே கட்டில் ஓரத்தில் இருந்துவிட்டாள். மூச்சு வாங்கி முடிய நேரம் எடுத்தது.

"ஏனக்கா இவ்வளவு நாளும் இப்பிடிக் கதைக்கேல்லை?"

"நீங்கள்தானே பிள்ளை வேண்டாமெண்டனீங்கள்."

உதயகலா ஹெல்மெட்டின் வாரைக் கழற்றத் தொடங்கினாள். அது உடனே கழலவில்லை. "எண்டாலும், கொஞ்சம் மெதுவாக் கூறேலாதோ?"

"மெதுவாக் கூறினா ஆர் வாங்குவினம்?"

உதயகலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யன்னலால் தலையை நீட்டினாள். "ஒண்டுமில்லை மாமி. அப்பா சாப்பிடுறார்."

"அப்ப சண்டையில்லையோ?" என்றார் பராசக்தி, கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

"மூண்டுதரம்," என்றாள் பெர்னடெட், கிழவர் காத்திருப்பதைப் பார்த்து.

அன்று பின்னேரம் அவள் ஜஸ்ரினிடம் தேத்தண்ணி கேட்டது கடற்கரை வரைக்கும் கேட்டிருக்கும். நாய் தப்பியது.

மறுநாள் காலையில் வந்து கால் கழுவினாள், கைக்குச் சவர்க்காரம் போட்டாள், வழக்கம்போல வேலிப்பக்க யன்னலடிக்குப் போனாள். ஒரு கதவு பாதி சாத்திக் கிடந்தது. கை பழக்கத்தில் அதை இழுக்கப் போய் நின்றது. பிறகு இரண்டு கதவையும் முழுதாக வெளியே தள்ளி, காற்றுக்கு அடித்துக்கொள்ளாதபடி கொளுக்கியை மாட்டிவிட்டு, கஞ்சி காய்ச்சப் போனாள்.