வலிப்பு இல்லை என்று சொன்ன பிறகு

வலிப்பு என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்த வரைக்கும் எனக்கு மரியாதைக்குக் குறைச்சலில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் லேத் ஓட்டிய சின்னக் கம்பெனியில் பொத்தென்று விழுந்தால் போதும், "இரும்பு குடு, இரும்பு குடு" என்று ஒரே கத்தல். வலிப்பு வந்தவன் கையில் இரும்பைக் கொடுத்தால் நின்றுவிடுமாம். லேத் கம்பெனியில் இரும்புக்கா பஞ்சம்? ஒருத்தன் ஸ்பேனரைத் திணிப்பான். இன்னொருத்தன் அப்போதுதான் கடைந்து இறக்கிய பீஸைச் சூட்டோடு உள்ளங்கையில் வைத்து அழுத்துவான். எழுந்து பார்த்தால் கை கொப்பளித்திருக்கும். திட்ட மனசு வராது. டீ வாங்கிக் கொடுத்து, "நீ குந்து அண்ணாத்தே, நாங்க பாத்துக்கிறோம்" என்று என் வேலையையும் சேர்த்துச் செய்தவர்கள் அவர்கள்தான். ஐயப்பன்தாங்கல் வீட்டில் என் மனைவி சாவிக்கொத்தை இடுப்பை விட்டு எடுக்கவே மாட்டாள்.

மாத்திரை ஏறிக்கொண்டே போனது, விழுவது மட்டும் குறையவில்லை. கடைசியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தலை முழுக்க வயரை ஒட்டி, எதிரே கேமராவை வைத்துப் படுக்கவைத்தார்கள். அங்கேயும் வந்தது. டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்: "இது வலிப்பு இல்லைங்க. வலிப்புன்னா மூளையில கரண்ட் தாறுமாறா ஓடும். உங்களுக்குச் சரியாத்தான் ஓடுது. அதுக்காக நீங்க நடிக்கிறீங்கன்னு அர்த்தமில்ல. மனசால தாங்க முடியாத எதையோ உடம்பு வாங்கிக்குது, அது உங்க கையில இல்ல. மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்திடலாம். பேசிப் பேசித்தான் சரி பண்ணணும்." மனைவியிடமும் சொன்னார். வரும்போது பக்கத்தில் இருங்கள், தலை அடிபடாமல் பாருங்கள், கையில் எதையும் திணிக்காதீர்கள், மெதுவாகப் பேசுங்கள், பயப்படாதீர்கள்.

"இதுக்கு முன்னாடி ஏதாவது நடந்துச்சா?" என்று என்னைக் கேட்டார். "ஒண்ணுமில்லைங்க" என்றேன். ஒன்றுமா இல்லை? பக்கத்தில் தகடு அழுத்துகிற பிரஸ் மெஷினில் ஒரு பையனின் கை மாட்டியபோது ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தவன் நான். மறுநாள் காலை அந்த மெஷினைக் கழுவிவிட்டவனும் நான்தான். ஆர்டர் நிற்கக்கூடாதே! அன்றைக்கு என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை, நானும் யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரம்மா கேட்டதும் அதே வாய் அதே மாதிரி மூடிக்கொண்டது.

அவர் சொன்ன அத்தனையிலும் என் மனைவி காதில் ஏறியது முதல் வரி மட்டும்தான். பஸ்ஸில் உட்கார்ந்ததுமே சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன். "ஒண்ணுமில்லையாம், வலிப்பே இல்லையாம்!" அந்த வெள்ளிக்கிழமையே திருவேற்காட்டு அம்மன் கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைத்தாள். வீட்டில் அக்கம்பக்கத்துக்கெல்லாம் சாப்பாடு. எல்லார் முகத்திலும் சந்தோஷம். என் முகத்திலும்தான், பொய் சொல்வானேன்? வந்தவர்கள் போய், அவள் பாத்திரம் கழுவ உட்கார்ந்தபோது நான் ஹாலில் விழுந்தேன்.

விழுந்து கிடக்கும்போது எனக்குக் காது கேட்கும். கண் திறக்காது, கை கால் என் பேச்சைக் கேட்காது, ஆனால் பேசுவது அத்தனையும் கேட்கும். எங்களோடு தங்கியிருந்த அவள் தம்பி சொன்னான்: "சாவியெல்லாம் எதுக்குக்கா? அதான் ஒண்ணுமில்லன்னு டாக்டரே சொல்லிட்டாங்கல்ல. வுடு, தானா எந்திரிப்பாரு." அதோடு விட்டானா? குனிந்து என் தொடையில் நகம் பதியக் கிள்ளினான். "பாரேன், மாமா இன்னா அழகா பண்றாரு!" உயிர் போகிற மாதிரி வலித்தது. கத்த முடியவில்லை. அவள் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாத்திரம் கழுவுகிற சத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. கிள்ளியதைக்கூட மன்னித்துவிட்டேன், அந்தச் சத்தத்தை மன்னிக்க முடியவில்லை.

சேதி கம்பெனிக்கும் போய்விட்டது. "இன்னா மாமே, இத்தினி நாளா ஆக்டிங் குடுத்துகினு இருந்தியா?" கிண்டல்தான். ஆனால் அதற்குப் பிறகு நான் விழுந்தால் ஒரு பயலும் வரவில்லை. கொஞ்ச நாள் வீட்டில் இருந்து உடம்பைப் பார்த்துக்கொள் என்றார் முதலாளி. வராதே என்பதை வேறு எப்படிச் சொல்வார்? வீட்டில் உட்கார்ந்து எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன். வலிப்பாகவே இருந்து தொலைத்திருக்கக் கூடாதா என்று சாமியோடு சண்டை பிடித்தேன். எவனாவது வியாதி வேண்டும் என்று வேண்டிக்கொள்வானா? நான் வேண்டினேன். ஊர் நம்பாவிட்டால் போகட்டும், இவள் நம்ப வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். வாய்விட்டுக் கேட்கத்தான் ரோஷம் விடவில்லை.

பேசுவதற்கென்று ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஆரம்பித்தேன். வாயே திறக்காமல் எத்தனையோ தடவை திரும்பியிருக்கிறேன். துணைக்கு வரும் அவள் வெளியே பெஞ்சில் இருப்பாள். ஒருநாள் அங்கே பேசவைக்கும் அம்மா அவளையும் உள்ளே கூப்பிட்டார். அன்றைக்குத்தான் அந்தப் பையன் கையைப் பற்றிச் சொன்னேன். மெஷினைக் கழுவியதைச் சொல்லும்போது நாற்காலியிலிருந்து அப்படியே சரிந்துவிட்டேன். திரும்பி வரும்போது எங்கள் பஸ் டெப்போவில் இறங்கும்வரை அவள் ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தாள். நம்பினாளா, இதையும் ஒரு ஆட்டம் என்று நினைத்தாளா, முகத்தைப் பார்த்து ஒன்றும் புரியவில்லை.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை. நான் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது படிக்கிற எங்கள் மகள் திடீரென்று ஹாலில் மல்லாந்து விழுந்து, கண்ணைச் செருகி, கை காலை உதறினாள். பேப்பரைப் போட்டுவிட்டு எழுந்தேன். மனைவி கரண்டியும் கையுமாக ஓடிவந்து, "ஐயோ, என்னடி ஆச்சு?" என்று வாரித் தூக்கினாள். குழந்தை ஒரு கண்ணைத் திறந்து சிரித்தது.

"சும்மாம்மா. அப்பா மாதிரி நடிச்சேன். அப்பா நல்லா நடிக்கிறார்னு மாமாதான் சொல்லிச்சு."

அடிக்க ஓங்கிய அவள் கை பாதியில் நின்றது. எனக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. அவள் தரையில் உட்கார்ந்து குழந்தையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். என் பக்கம் திரும்பவில்லை.

"அப்பா நடிக்கலடி," என்றாள். "நடிப்பா இருந்தா எவ்ளோ நல்லாருந்திருக்கும்."