சமையலறையில் வைத்த போன்

கோமதி டீச்சர் காலமான செய்தி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில்தான் எனக்கு வந்தது. ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் குழுவிலிருந்து விலக எனக்குத் துணிவு வரவில்லை. அடுத்த தகவல், காலைச் சிற்றுண்டி சாப்பிட்ட மாணவர் எண்ணிக்கையை உடனே அனுப்பச் சொன்னது. கூப்பிய கைகளும் எண்ணிக்கைகளும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன.

ஆரணியின் ஓரத்தில், விசைத்தறிச் சத்தம் கேட்கும் தெருவிலிருந்த எங்கள் தொடக்கப்பள்ளியில் நாங்கள் இருவர்தான். நான் தலைமையாசிரியர், மூன்று முதல் ஐந்து வரை என் வகுப்புகள். அவருக்கு ஒன்றும் இரண்டும். தறி வீடுகளில் வெட்டிப்போடும் பட்டு நூல் துண்டுகளைப் பிள்ளைகளிடம் கொண்டுவரச் சொல்வார். மின்விசிறியை நிறுத்திவிட்டு, தரையில் நூலை வளைத்து 'அ' போட வைப்பார். "வளைவு முதல்ல கைக்குத் தெரியட்டும் சார், கண்ணுக்கு அப்புறம் தானா தெரியும்" என்பார். பிள்ளைகள் வியர்த்துக்கொண்டே குனிந்திருப்பார்கள். அந்த நேரத்தில் கல்வி அலுவலகத்திலிருந்து போன் வரும். கழிப்பறையைப் படமெடுத்து அனுப்ப வேண்டும், வருகையை ஏற்ற வேண்டும், சீருடை அளவைத் திருத்த வேண்டும். எனக்கு அந்தச் செயலிகள் பிடிபடவில்லை. என் பங்கும் அவரிடமே போனது. அவர் எழுந்தால் பிள்ளைகளும் எழுவார்கள். தரையில் எழுத்து இருக்காது, நூல்தான் கிடக்கும்.

ஒருநாள் இடைவேளையில் பிள்ளைகள் பள்ளிக்கூட விளையாட்டு விளையாடினார்கள். டீச்சரான சிறுமி ஒரு சோப்பு டப்பா மூடியைக் கையில் வைத்துக்கொண்டு தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள்.

"டீச்சர், இவன் அடிக்கிறான்."

"கம்முனு இரு. போட்டோ ஏத்திகினு இருக்கேன், நெட்டு வரல."

நான் சிரித்துவிட்டேன். கோமதி டீச்சரும் சிரித்தார். பிறகு, "நான் சொல்லிக் குடுத்ததுல இது ஒண்ணுதான் சார் பிசகாம வந்திருக்கு" என்றார்.

மறுநாள் முதல் அவர் காலையில் வந்ததும் போனைச் சத்துணவு சமைக்கும் மல்லிகாவிடம் கொடுத்துவிடுவார். சாப்பாட்டு மணி அடித்த பிறகே வாங்கிக்கொள்வார்.

"கத்திகினே கீது டீச்சர், ஒரே பேஜாரா கீது."

"பருப்பு வேகிற வரைக்கும் கத்தட்டும், மல்லிகா."

பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படிக்கும் குரல் அந்த நாட்களில்தான் என் வகுப்புவரை கேட்டது.

பிறகு அலுவலகத்திலிருந்து என்னை அழைத்தார்கள். "ஹெச்.எம். சார், உங்க டீச்சர் போனே எடுக்க மாட்டேங்கிறாங்களே, ஏன்?" என்று கேட்டார்கள். "மறந்து எங்கேயோ வெச்சுட்டாங்க சார். இனிமே நடக்காது" என்றேன்.

சுண்ணக்கட்டி வாங்க வந்த கோமதி டீச்சர் வாசலில் நின்றிருந்தார். குரலை உயர்த்தாமல் சொன்னார்: "நான் மறக்கல சார். பாடம் நடத்திகினு இருக்காங்கன்னு சொல்லியிருக்கலாமே."

உண்மையில் அந்தப் பதில் எனக்குத் தோன்றவே இல்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் நடப்பதை ஒரு காரணமாகச் சொல்லலாம் என்பதே ஒரு தலைமையாசிரியருக்குத் தோன்றவில்லை.

மறுநாள் போன் வகுப்புக்குத் திரும்பியது. அந்தப் பிள்ளைகளில் சிலர் மூன்றாம் வகுப்புக்கு என்னிடம் வந்தபோது எழுத்துக் கூட்டத் தெரியாமல் விழித்தார்கள். அவர்களைத்தான் நான் கடிந்துகொண்டேன்.

இரங்கல் கூட்டத்தில் பேசிய அதிகாரி, எந்த விவரம் கேட்டாலும் முதலில் அனுப்புபவர் அவர்தான் என்று மனமாரப் புகழ்ந்தார். நாங்கள் எல்லோரும் தலையசைத்தோம். அவரை அறிந்த ஆசிரியர்கள் பலரும் அங்கே இருந்தார்கள். என்னைப் பேச அழைத்தபோது, நல்ல மனுஷி என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது, அன்று நான் சொல்லத் தவறிய அந்த ஒரு பதில். இப்போது அது எனக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கேள்வியைக் கேட்பதற்குத்தான் யாரும் என்னை அழைப்பதில்லை.