துவக்கு வாங்கப் போன சனிக்கிழமை

படிவத்தின் கடைசிப் பக்கத்தில் எனக்கென்று ஒரு கோடு விட்டிருந்தார்கள். வேட்டைத் துவக்கு வைத்திருக்க உரிமம் கேட்பவருடைய மனைவி, இது தனக்குத் தெரியும் என்று கையெழுத்து வைக்கவேண்டிய இடம். என் கணவர் தன் பங்கை முத்து முத்தான எழுத்தில் நிரப்பி, அந்தக் கோட்டுக்கு நேரே பென்சிலால் சின்னப் புள்ளி ஒன்று போட்டு, என் தேத்தண்ணீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தார். வாயால் கேட்கவில்லை. கேட்டால் மாட்டேன் என்பேன் என்று தெரியும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் வருடங்கள் அவை. நகரத்துக்குள் நோத்ர-டாம்-த-கிரேஸில் மூன்றாம் மாடி அப்பார்ட்மென்டில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு, புறநகரான கர்க்லாண்டில் சொந்த வீடு வாங்கி வந்திருந்தோம். ஒக்டோபர் மாதத்துப் பின்னேரம் ஒன்றில், பதினொரு வயது மகள் மஞ்சள் பஸ்ஸில் வந்து இறங்கி, தன் திறப்பால் கதவைத் திறந்திருக்கிறாள். மேலே யாரோ நடக்கும் சத்தம். அப்பாதான் வேளைக்கு வந்துவிட்டார் என்று நினைத்து, "அப்பா" என்று கூப்பிட்டிருக்கிறாள். நடை நின்றிருக்கிறது. பதில் வரவில்லை. அதற்குப் பிறகுதான் பின்கதவுக் கண்ணாடி நொறுங்கிக் கிடப்பதைக் கண்டு, பக்கத்து வீட்டுக்கு ஓடியிருக்கிறாள். கமராவும் கொஞ்ச நகையும் போயின. அதைப்பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. "பிள்ளை அப்பா எண்டு கூப்பிட்டிருக்கு. அவன் கேட்டுக்கொண்டு நிண்டிருக்கிறான்" என்பதையே வாரக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரோடு வேலை செய்த, மான் வேட்டைக்குப் போகும் ஒருவர் வழிகாட்ட, இரண்டு நாள் வகுப்புக்கும் போய்த் தேறிவந்தார்.

நான் மன்னாரில் வளர்ந்தவள். எங்கள் வீட்டு வாசற்படியைத் தாண்டி வந்த துவக்குகள் கொஞ்சமல்ல. யார் தோளில் வந்தாலும், எங்களைக் காக்கத்தான் வந்தோம் என்று சொல்லிக்கொண்டே வந்தன. அதனால், படிவத்தைக் கண்ட அன்று மாலை நான் சொன்னேன்: "முதல்ல நீங்கள் வாங்கப்போற சாமானைக் காட்டுங்கோ. கண்டாப் பிறகு யோசிக்கிறன்."

அடுத்த சனிக்கிழமை மழை. தூண்டில் கம்புகளும் மான்கொம்புகளும் நிறைந்த கடை. முதலாளி வயதானவர், பிரெஞ்சு மட்டுமே கதைப்பார். நான் கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிறவள் என்பதால் எனக்குப் பிரெஞ்சு ஓடும். என் கணவருக்கு வேலைத்தலத்துச் சொற்களுக்கு அப்பால் வராது. எந்த மிருகத்துக்கு என்று கேட்டார் முதலாளி.

"வீட்டுக்கு எண்டு சொல்லும்" என்றார் இவர்.

சொன்னேன். கிழவர் குனிந்து ஒரு பெட்டியை எடுத்தார். அதிலிருந்து மூன்று துவக்கு ரவைகளைக் கண்ணாடி மேசையில் நிமிர்த்தி வைத்தார். இது முயலுக்கு, இது மானுக்கு, இது மூஸ் என்கிற பெரிய மானுக்கு. உங்கள் வீட்டுச் சுவர் எதனால் ஆனது என்று கேட்டுவிட்டு, தானே பின்சுவரை விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். இந்த ஊர் உட்சுவர்கள் வெறும் சுண்ணாம்புப் பலகைதான். இந்தச் சின்னது கூட முதற் சுவரில் நிற்காது என்றார். அடுத்து அவர் கேட்டதை நான் தமிழில் சொல்லும்போது என் குரல் இறங்கிவிட்டது.

"பக்கத்து அறையில ஆர் படுக்கிறது எண்டு கேக்கிறார்."

இவர் அந்தச் சின்ன ரவையைத் தள்ளிவைத்தார். சட்டப்படி துவக்கு ஒரு பூட்டுக்குள், ரவை இன்னொரு பூட்டுக்குள் இருக்கவேண்டும். இரண்டு திறப்பையும் தேடி எடுப்பதற்குள் கள்ளன் பக்கத்து மாகாணமான ஒன்ராறியோவுக்குப் போய்விடுவான் என்று கிழவர் பகிடி விட்டார். நான் சிரித்தேன். இவர் சிரிக்காமல், சுவரில் இருந்த ஒன்றைக் காட்டிக் கேட்டார்.

அதைக் கையில் வாங்கியதும், கிழவர் வாய் திறப்பதற்கு முன்னரே இவருடைய கை பின்பக்கத்தைத் திறந்து உள்ளே ரவை இல்லை என்று பார்த்தது. தோளில் ஏற்றினார். கன்னம் தானாகப் போய் அதன் இடத்தில் படிந்தது. பதின்மூன்று வருடமாக நான் அறிந்த கைகள் அவை. ஞாயிறுகளில் இறைச்சி வெட்டுகிற, மகளுக்குத் தலை பின்னிவிடுகிற கைகள். இரண்டு நாள் வகுப்பில் இந்தப் பழக்கம் வராது. "மொசியு இராணுவத்தில் இருந்தவரா?" என்று இவரைக் காட்டிக் கிழவர் என்னிடம் கேட்டார். நான் அதை மொழிபெயர்க்கவில்லை. இல்லை என்று நானே சொன்னேன்.

துவக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து ஏறியும் அவர் காரை ஓடவிடவில்லை.

"எங்க பழகினனீங்கள்?" என்றேன்.

"பதினெட்டு வயசில. ஆறு மாசம் இயக்கத்தில இருந்தனான். உமக்குச் சொல்லேல்லை."

கண்ணாடியில் வழிந்த மழையைப் பார்த்தபடியே மீதியையும் சொன்னார். காவல் நின்ற விடியற்காலை. வேலிக்கு அந்தப் பக்கம் சரசரவென்று ஒரு சத்தம். "ஆர் எண்டு கேட்டனான். பதில் வரேல்லை. சுட்டிட்டன். போய்ப் பாத்தா, ஒரு வயசுபோன மனுசன், தலையில புல்லுக்கட்டு. மாட்டுக்குக் கொண்டு போயிருக்கிறார். காது கேளாத மனுசனாம், பேந்துதான் சொன்னவை." சுடுபட்டவரை யாரோ வண்டிலில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். அடுத்த கிழமை இவர் இயக்கத்தைவிட்டு ஓடிக் கொழும்புக்கு வந்துவிட்டார். இவ்வளவையும் சொல்லிவிட்டு, "பிள்ளை தண்ணி குடிக்க எழும்பி வந்தாலும் அதே சத்தந்தான்" என்றார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். வேறெதுவும் கேட்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுப் பூசை முடிந்து வந்ததும் படிவத்தில் கையெழுத்து வைத்தேன். துவக்கின் பாரம் அவரைவிட யாருக்குத் தெரியும்? இனி அவருடைய முடிவு என்று விட்டுவிட்டேன். அவர் அதைத் தபாலில் போடவில்லை. அதற்குப் பதிலாக வேலைத்தலத்தில் யாரும் விரும்பாத அதிகாலை நேரத்தைக் கேட்டு வாங்கினார். மகள் உயர்பள்ளி முடிக்கும்வரை, மஞ்சள் பஸ் திரும்பும் நேரத்தில் வாசலில் நின்றார். பனி இல்லாத நாளிலும் பனி அள்ளும் சவளை ஒரு சாட்டுக்குக் கையில் வைத்திருப்பார். பெரிய வகுப்புக்கு வந்ததும் மகளுக்கு அது வெட்கமாக இருந்தது. இன்றைக்கு அந்த வாசலைச் சொல்லி அழுகிறவளும் அவள்தான்.

இதயம் நின்று அவர் போய் மூன்று வருடமாகிறது. மகள் பக்கத்து ஊரான சென்ட்-ஆன்-த-பெல்வ்யூவில் குடியிருக்கிறாள். தனியே இருக்கப் பயமில்லையா என்று போனில் கேட்பாள். பயமில்லை. ஆனால் மழை பெய்யும் சனிக்கிழமைகளில், ஓடாத அந்தக் காருக்குள் இன்னொரு அரை மணித்தியாலம் அவரோடு இருக்க மனம் கிடந்து அடிக்கிறது. ஆறுதல் சொல்கிறேன் என்று நினைத்து அன்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த மனுசன் பிழைத்தாரா, அவருக்கு என்ன பெயர் என்று கேட்டிருக்கலாம். எத்தனை வருடம் அவர் அதைத் தனியே சுமந்தாரோ, கேட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் இறக்கி வைத்திருப்பார்.

நவம்பரில் இறந்தவர்களுக்கான பூசைக்குப் பெயர்கள் எழுதிக் கொடுப்போம். முதலில் இவருடைய பெயரை எழுதுகிறேன். சுடுபட்டவர் அன்றைக்கே வயதான மனுசன். பிழைத்திருந்தாலும் இவ்வளவு காலம் இருந்திருக்கமாட்டார். அதனால் கீழே "புல்லுக்கட்டோடு வந்தவர்" என்றும் எழுதுகிறேன். பாதர் அதையும் ஒரு பெயரைப் போலவே நிறுத்தி வாசிக்கிறார். யாரென்று இதுவரை கேட்டதில்லை.