பாட்டரிக் கடைச் சண்டைகள்

பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் தொழிலில் உழைப்பது அமிலம், திட்டு வாங்குவது நாம். அமிலம் பட்டுச் சட்டையெல்லாம் பொத்தலாகத் திரியும் சக தொழிலாளர்களே, யுத்த காலத்தில் ராசிபுரத்தில் கடை போட்டு நான் பட்டதையும் கேளுங்கள்.

ஒரு மணி நேர அவசரம்

சேந்தமங்கலத்து பஸ் முதலாளி ஒருவர் பாட்டரியை இறக்கி, ஒரு மணி நேரத்தில் வேண்டும் என்றார். ஒரு நாளாகும் என்றேன்.

"கரண்டை அதிகமாத் தொறந்து உடு."

"தகட்டுல ஒட்டுன உப்பு கரைஞ்சு, துகள் துகளா அமிலத்துக்குள்ள நகரணுங்க. முடுக்கினா சூடேறித் தகடு வளைஞ்சுபோகும். நான் செய்யமாட்டேன்."

கோபித்துக்கொண்டு வேறு கடைக்குத் தூக்கிப்போனார். மூன்றாம் நாள் தகடு வளைந்து, பெட்டி விரிந்து அதே பாட்டரி திரும்பி வந்தது. முதலாளி பொருமினார்: "கலெக்டரே எனக்கு எந்திரிச்சு நிப்பாரு, கண்ணுக்குத் தெரியாத இந்தத் துகள் கழுதை நகரமாட்டேங்குதே!"

கிணற்றுத் தண்ணீர்

மல்லசமுத்திரத்து நாச்சம்மாளின் கணவர் பட்டாளத்து டாக்டராகப் பர்மா போனவர். கடிதம் நின்று நாலு மாதம். ஊரில் மின்சாரம் இல்லாததால் பாட்டரியில் ஓடும் ரேடியோவின் செய்தி ஒன்றுதான் அந்த அம்மாளுக்குப் பிடிப்பு. ஒருநாள் அவருடைய கொழுந்தன் பாட்டரியோடு வந்தான்.

"இது செத்துப்போச்சுன்னு எங்க அண்ணிகிட்டச் சொல்லிப்போடுங்க. பொம்பளைக்கு எதுக்கு ரேடியோ?"

அமிலத்தின் அடர்த்தி காட்டும் அமிலமானியை விட்டுப் பார்த்தேன். மிதவை அடியில் போய் உட்கார்ந்தது. படுபாவி, அமிலத்தைக் கொட்டிவிட்டு உப்புக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றியிருந்தான்! அவனைத் துரத்திவிட்டேன். பாட்டரியைத் தரவில்லை.

கழுவி, புது அமிலம் ஊற்றி, மூன்று நாள் சார்ஜ் ஏற்றி, நானே வண்டி கட்டிக் கொண்டுபோனேன். வாசலில் அவன் மறித்தான். நாச்சம்மாள் அவனை ஒதுக்கித் தள்ளிவிட்டு, பாட்டரியைத் தானே தூக்கிப்போய்க் கம்பியை மாட்டினார். ரேடியோ பேசியது. அவர் குரல் அதைவிட உரக்கக் கேட்டது: "அவிய இருக்கற எடம் தெரியற வரைக்கும் தெனமும் கேப்பேனுங்க. எவன் மறிக்கறான்னு பாக்கறேன்!"

பெயர்ப் பட்டியல்

பிறகு ஓர் அதிகாரி தன் குமாஸ்தாவோடு வந்தார். என்னிடம் சார்ஜ் ஏற்றிப் போய் எதிரி நாட்டு ஒலிபரப்பைக் கேட்பவர்களின் பட்டியல் வேண்டுமாம். இல்லாவிட்டால் கடைக்குப் பூட்டு.

"அமிலத்துக்குள்ள எது எந்தப் பக்கம் போகுதுன்னு கேளுங்க, சொல்றேன். ஊட்டுக்குள்ள ஆரு எதைக் கேக்கறாங்கன்னு சொல்றது என் தொழில் இல்லீங்க. பூட்டிக்குங்க" என்று சாவியை நீட்டினேன். பத்து நாள் பூட்டு என்று சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் ஏறினார். பூட்டுக்கு அரக்கு முத்திரை வைக்கப் பின்தங்கிய குமாஸ்தா என் காதோடு சொன்னார்: "தொறந்ததும் எங்க ஊட்டு ரேடியோ பாட்டரியை மொதல்ல பாத்துக் குடுங்க சாமி, நானும் அதைத்தான் கேக்கறேன்."

துகளைக்கூட மின்சாரம் வைத்து ஒரு பக்கமாக இழுத்துவிடலாம், உங்களை மட்டும் முடியாது என்று என் வீட்டுக்காரி இன்றும் அதை ஒரு குறையாகவே சொல்லிவருகிறாள்.